வீடும் நிழற்படமும்: வாசலில் கேட்க வேண்டிய அனுமதி

கீழக்கரையினருக்கு ஹாங்காங் தொலைவான ஊர் அன்று. நம் கடற்கரை ஊர்களின் பிள்ளைகள் பலர் இரத்தினக்கல் வணிகத்தின் பொருட்டு அங்கே குடியேறி வாழ்கின்றனர். அவ்வாறு வாழும் என் தமக்கை மகன் பெருநாள் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, கனமான ஒரு நிழற்படத் தொகுப்பை என் முன் வைத்து, "மாமா, நீங்க ஓதிக் கொடுக்கிற பாடத்துக்கும் இதுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கு, பாருங்க" என்றான். அரபு இலக்கணமும் தஃப்சீரும் கற்பிப்பவனுக்குப் படத் தொகுப்பில் என்ன வேலை என்ற அலட்சியத்துடன்தான் அதைப் புரட்டத் தொடங்கினேன். புரட்டி முடித்தபோது, ஒருவர் வீட்டின் அன்றாட வாழ்வைப் படமாக்குவதைக் குறித்து நாம் இதுவரை கேட்டு வந்த கேள்வி போதாது என்ற எண்ணம் உறுதிப்பட்டது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அத்தொகுப்பு, ஹாங்காங்கில் நெடுங்காலம் வாழ்ந்த ஜெர்மானிய நிழற்படக் கலைஞர் மைக்கேல் உல்ஃப் (1954–2019) அவர்களுடையது. 'ஹாங்காங் இன்சைடு அவுட்சைடு' என்னும் பெயரில் 2009இல் வெளிவந்தது. பெயருக்கேற்ப அதில் வெளித்தோற்றப் படங்கள் ஒரு பகுதி. உட்தோற்றப் படங்கள் மறு பகுதி. உட்தோற்றப் படங்களுக்கு 'நூறு பெருக்கல் நூறு' என்று பெயர். 1953ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளின் இரவில் ஷெக் கிப் மேய் என்னுமிடத்துக் குடிசைகளில் மூண்ட பெருந்தீ ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீடிழக்கச் செய்தது. அவர்களுக்காக அங்கே எழுப்பப்பட்ட அடுக்குமாடிகளே ஹாங்காங் அரசின் பொதுக் குடியிருப்புத் திட்டத்திற்குத் தொடக்கமாயின. அக்குடியிருப்பின் பழைய கட்டடம் ஒன்று இடிக்கப்படவிருந்த வேளையில், 2006இல், ஏறத்தாழ நூறு சதுர அடி கொண்ட நூறு அறைகளை உல்ஃப் படமெடுத்தார்.

அந்த நூறு படங்களும் ஏறக்குறைய ஒரே அமைப்பைக் கொண்டவை. கேமரா அறையின் வாசற்பக்கமாக நிற்கிறது. அகன்ற கோண வில்லை, இருபுறச் சுவர்களையும் எதிர்ச்சுவரையும் ஒருங்கே காட்டுகிறது. அடுக்குக் கட்டில், மின்விசிறி, தொலைக்காட்சிப் பெட்டி, சோறாக்கும் பானை, நாட்காட்டி, கூரைவரை அடுக்கிய மூட்டைகள் என ஒரு வாழ்நாளின் பொருள்கள் அனைத்தும் கண்ணுக்குத் தெரிகின்றன. நடுவில், பெரும்பாலும் முதியவர் ஒருவர் அல்லது இருவர் அமர்ந்து நம்மை நேராகப் பார்க்கின்றனர். அவர்கள் முகத்தில் நாணமும் இல்லை, இறைஞ்சுதலும் இல்லை. வந்த விருந்தாளியை அமரச் சொல்வதற்கு முன் அளவிட்டுப் பார்க்கும் வீட்டுக்காரரின் பார்வை அது. தமக்குரிய இடத்தில், தாம் தெரிந்துகொண்ட கோலத்தில் அவர்கள் இருக்கின்றனர். கேமரா வருவது அவர்களுக்குத் தெரியும். கதவைத் திறந்தவர்களும் அவர்களே. இதைச் சொல்ல அடிக்குறிப்பு எதுவும் தேவையில்லை. படமே அதற்குச் சான்று.

இத்தொடரில் குறையே இல்லை என்பது என் கருத்தன்று. அகன்ற கோண வில்லை அண்மையில் இருப்பதைப் பெரிதாக்கி, தொலைவை மேலும் தள்ளி வைக்கும் இயல்புடையது. அதனால் அந்தச் சிறிய அறை, உள்ளதைவிட ஆழமானதாகத் தோன்றுகிறது. அங்கே வாழ்வோரின் மூச்சுமுட்டல் ஓரளவு மறைந்துவிடுகிறது. நூறு என்ற எண்ணிக்கையும் மனிதர்களை ஒரு பட்டியலாக்கும் ஆபத்துடையது. ஐம்பதாவது அறையை எட்டும்போது நாம் முகத்தை விட்டுவிட்டுப் பொருள்களை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். ஆயினும் இக்குறைகள் வாசலுக்கு உள்ளே முறைப்படி வந்தவரின் குறைகளே.

இதே கலைஞர் வெளியே நின்று எடுத்த படங்கள் வேறு வகையின. 'ஆர்க்கிடெக்சர் ஆஃப் டென்சிட்டி' என்னும் வரிசையில், வானமும் தரையும் தெரியாதபடி கத்தரிக்கப்பட்ட அடுக்குமாடிகளின் முகப்புகள் படம் முழுவதையும் நிறைக்கின்றன. சாளரங்கள் உண்டு, மனிதர்கள் பெரும்பாலும் புலப்படுவதில்லை. அதன் பின்னர் அமெரிக்காவின் சிகாகோ நகரில் எடுத்து 2008இல் வெளியிட்ட 'தி டிரான்ஸ்பரன்ட் சிட்டி' என்னும் தொகுப்பில், தொலைவிலிருந்து கண்ணாடிச் சாளரங்களுக்குள் பார்த்து, உள்ளிருப்போரைப் பெரிதாக்கிக் காட்டினார். ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, சாளரத்தில் நின்ற ஒருவர் கேமராவை நோக்கி இழிவுக் குறியாக விரலை உயர்த்தியிருந்ததைக் கண்டதாகவும், அதன் பிறகே இத்தகைய நுண்காட்சிகளைத் தேடத் தொடங்கியதாகவும் அவரே கூறியுள்ளார். ஷெக் கிப் மேய் முதியவரின் நேர்ப்பார்வையையும் சிகாகோ மனிதரின் உயர்த்திய விரலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கலைஞர் ஒருவரே, கைத்திறனும் ஒன்றே. ஓரிடத்தில் அவர் விருந்தாளி, மற்றோரிடத்தில் எட்டிப்பார்ப்பவர்.

இங்கேதான் என் மருமகன் சொன்ன சம்பந்தம் புலப்பட்டது. நிழற்படத்தைக் குறித்து நம் மார்க்க அறிஞர்கள் சென்ற நூற்றாண்டில் நிறையவே எழுதியுள்ளனர். எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மத் பகீத் அல்முத்தீஈ (மறைவு 1935) தனி நூலொன்றை எழுதி, நிழற்படம் என்பது படைத்தல் அன்று, நிழலைப் பிடித்து நிறுத்துதலே என்ற வாதத்தால் அதனை ஆகுமாக்கினார். தமிழில் நாம் 'நிழற்படம்' என்று வழங்குவதும் ஏறத்தாழ அதே கருத்துத்தான். தேவ்பந்த் மரபின் முஃப்தி முஹம்மத் ஷஃபீஃ அவர்கள் இதனை மறுத்து உருது மொழியில் விரிவாக எழுதினார்கள். இவ்விரு தரப்பின் ஆதாரங்களையும் நம் மத்ரஸா மாணவர்கள் அறிவர். ஆனால் இரு தரப்பும் முதன்மையாக ஆராய்ந்தது, உருவத்தை உண்டாக்குதல் கூடுமா கூடாதா என்பதையே. உருவத்திற்குரியவரின் வாசலில் நின்று அனுமதி கேட்கப்பட்டதா என்பது வேறொரு கேள்வி. அதற்கு ஃபிக்ஹில் தனிப் பாடமே உண்டு. அதன் பெயர் இஸ்திஃதான்.

சூரத்துன் நூரின் 27, 28ஆம் வசனங்கள், பிறர் வீட்டில் நுழையுமுன் இணக்கம் பெற்று ஸலாம் கூறவேண்டும் என்றும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்றும் பணிக்கின்றன. ஸஹீஹுல் புகாரியில் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் வழியாக வரும் ஒரு செய்தி இதன் காரணத்தையும் விளக்குகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் அறையில் சீப்புப் போன்றதொரு கருவியால் தலையைக் கோதிக்கொண்டிருந்த வேளையில் ஒருவர் கதவின் துவாரம் வழியே உள்ளே பார்த்தார். அதையறிந்து கடிந்துரைத்த அண்ணலார், அனுமதி கோரும் முறை ஏற்படுத்தப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்ற கருத்தைத் தெளிவுபடுத்தினார்கள். கால் நுழைவது பிறகு. கண் நுழைவதே நுழைவு. கேமரா என்ற சொல்லுக்கு இலத்தீன் மொழியில் அறை என்பது பொருள். இருட்டறையின் சிறு துவாரம் வழியே வரும் ஒளி எதிர்ப்புறத்தில் உருவம் காட்டுவதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னுல் ஹைஸம் ஆராய்ந்தார். அந்தத் துவாரம் மனிதனின் வீட்டை நோக்கித் திரும்பும்போது, இந்த ஹதீஸின் துவாரமும் உடன் நினைவுக்கு வரவேண்டும்.

'நோக்கம் நல்லதாயின்?' என்று கேட்கலாம். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி ஒன்று இதற்கு விடை தருகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவு வலத்தின்போது ஒரு வீட்டில் தவறு நடப்பதறிந்து சுவரேறி உள்ளே சென்றார்கள். வீட்டுக்காரர், நான் செய்தது ஒரு பிழை. தாங்கள் செய்தவை மூன்று என்றார்: துருவி ஆராய்ந்தது, வாசல் வழியாக வராதது, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது. கலீஃபாவே அந்த வாதத்திற்குக் கட்டுப்பட்டார்கள். நோக்கத்தின் தூய்மை வாசலுக்கு ஈடாகாது என்பதே இதன் படிப்பினை.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். 1970இல் தொடங்கப்பட்டு, 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்ற தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம், 2000ஆம் ஆண்டு முதல் சென்னையின் தென்விளிம்பில் பெருங்குடியிருப்புகளை எழுப்பி, நகரின் நடுவிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் மக்களை அங்கே கொண்டு சேர்த்தது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்பன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் மீனவக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்கும், 2015 பெருவெள்ளத்திற்குப் பின் ஆற்றோரக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்திற்கும் சென்றன. கண்ணகி நகரில் தொடக்கக் காலத்தில் கட்டப்பட்ட வீடுகள் 200 சதுர அடிக்கும் குறைவானவை.

நம் கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே திண்ணை, பின் தலைவாசல், பின் முற்றம், அதற்கும் அப்பால் உள்வீடு. காயல்பட்டினத்தில் பெண்கள் நடமாடுவதற்கென்றே தனி முடுக்குகள் உள்ளன. வந்தவர் யார் என்பதற்கேற்ப அவரை எங்கே நிறுத்துவது என்பதை வீடே தீர்மானித்துவிடும். திண்ணையோடு திரும்புபவரும் உண்டு. முற்றம்வரை வருபவரும் உண்டு. வசதி படைத்தவரின் மறைவைச் சுவர்கள் காக்கின்றன. ஓரறை வீட்டிலோ திண்ணையும் முற்றமும் உள்வீடும் ஒன்றே. கதவு திறந்தால் அடுப்பும் படுக்கையும் நோயாளியும் உலரும் துணியும் ஒரே பார்வையில் அகப்பட்டுவிடும். அதே 24ஆம் அத்தியாயத்தின் 58ஆம் வசனம், வைகறைக்கு முன்பும், ஆடை தளர்த்தும் நண்பகலிலும், இஷாவுக்குப் பின்பும், வீட்டிலேயே இருக்கும் பணியாளரும் சிறுபிள்ளைகளும்கூட அனுமதி கேட்டே வரவேண்டும் என்று விதிக்கிறது. இம்மூன்று வேளைகளையும் மறை 'அவ்ரத்' என்றே பெயரிட்டு அழைக்கிறது. சுவர் இல்லாத இடத்தில் நேரத்தையே சுவராக்கித் தரும் சட்டம் இது. ஓரறைக் குடித்தனக்காரருக்கு இதைவிட உகந்த பாதுகாப்பு வேறில்லை. ஆனால் அதனைக் கடைப்பிடிக்க வேண்டியவர் வெளியிலிருந்து வருபவரே.

இவ்வசனத்தை ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் பகுதியிலிருந்து சென்ற நிவாரணக் குழு ஒன்றுடன் தென்சென்னைக் குடியிருப்பு ஒன்றுக்கு நானும் சென்றிருந்தேன். மூன்றாம் மாடியில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. ஸலாம் சொல்லிக்கொண்டே, மறுமொழிக்குக் காத்திராமல், அரிசிப் பையுடனும் போர்வையுடனும் உள்ளே சென்றோம். நேரம் நண்பகல். தரையில் பனியனோடு ஒரு முதியவர் உறங்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பெண் ஒரு கையால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மறு கையால் போர்வையை வாங்கினார். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டப் படம் வேண்டும் என்றார் குழுவின் பொறுப்பாளர். கைப்பேசியில் எடுத்தவன் நான். "பாய், இது பேப்பர்ல வருமா?" என்று அப்பெண் கேட்டார். "வராதும்மா" என்றேன். செய்தித்தாளில் வரவில்லை என்பது உண்மை. குழுவின் ஆண்டறிக்கையில் வந்தது, அரைப் பக்க அளவில், வண்ணத்தில்.

அந்தப் படத்தை ஒரு விமரிசகனாக இன்று பார்க்கிறேன். அதில் அப்பெண்ணின் கண்கள் கேமராவை நோக்கவில்லை. கொடுப்பவரின் கையை நோக்குகின்றன. உறங்குபவருக்குப் படம் எடுக்கப்படுவதே தெரியாது. படத்தின் நடுவில் இருப்பது அந்த வீட்டார் அல்லர், போர்வை. ஷெக் கிப் மேய் அறைகளும் இதே அளவின. ஆனால் அங்கே வறுமை ஒரு மனிதரைச் சூழ்ந்திருக்கிறது, இங்கே மனிதர் வறுமைக்குச் சான்றாக வைக்கப்பட்டிருக்கிறார். கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று சூரத்துல் பகராவின் 264ஆம் வசனம் எச்சரிக்கிறது. சொல்லிக்காட்டுதல் நாவினால் மட்டும்தான் நிகழும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இக்குடியிருப்புகளைப் பற்றி வெளியாரிடம் பதிந்துள்ள படங்கள் பெரும்பாலும் இரு வகையின. வெள்ளம், குப்பை, குற்றம் ஆகியவற்றின் செய்திப்படங்கள் ஒரு வகை. அவற்றின் விளைவு சிறிதன்று. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை தரத் தயங்குகிறார்கள் என்ற மனக்குறையை அங்கு வாழ்வோர் நெடுங்காலமாகக் கூறி வந்துள்ளனர். மற்றொரு வகை, 2020இல் 'ஸ்டார்ட் இந்தியா' அறக்கட்டளையும் ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் அங்கே வெளிச்சுவர்களில் தீட்டுவித்த பெரும் ஓவியங்களின் படங்கள். அவை அப்பெயருக்கு ஒரு புதிய மதிப்பைத் தந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஓவியம் வெளிச்சுவரில். அறையின் அளவு மாறவில்லை. முதல் வகை வீட்டைத் திறந்து போடுகிறது. இரண்டாம் வகை வீட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது. உள்ளே அழைக்கப்பட்டுச் சென்று பார்த்த பார்வை இரண்டிலும் இல்லை.

அத்தகைய பார்வைக்குத் தமிழகத்தில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. எம். பழனிக்குமார் என்னும் நிழற்படக் கலைஞரின் பணி இங்கே கருதத்தக்கது. மலக்குழியில் இறக்கப்படும் தொழிலாளரைப் பற்றி 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் இவர். எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில் பாசி எடுக்கும் பெண்களையும் படமெடுத்து, 'பாரி' என்னும் கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணகத்தில் எழுதியவர். 2022இல் தயாநிதா சிங் – பாரி ஆவண நிழற்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர். அவரது படங்களில் உழைப்போர் தம் வேலையின் நடுவே, தலைநிமிர்ந்து இருக்கின்றனர். அதனினும் முக்கியமானது, அவர் கேமராவைப் பிறர் கையில் கொடுத்தமை. உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவர் நிழற்படக் கலையைக் கற்பித்தார். அப்பிள்ளைகள் தம் தாய்மாரின் உழைப்பையும் தம் தெருக்களையும் எடுத்த படங்கள் பாரியில் வெளிவந்துள்ளன. வட சென்னை இளையோர் தம் பகுதியைத் தாமே படமெடுத்த கண்காட்சி ஒன்று 2023இல் சென்னையில் நடைபெற்றது.

வீட்டுக்குள் இருப்பவரே படமெடுத்தால் அனுமதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று இதைக் கொண்டு முடிவு கட்டிவிடலாமா? கூடாது என்பதே 58ஆம் வசனத்தின் நுட்பம். அது அந்நியரைப் பற்றிய சட்டமன்று. வீட்டுப் பிள்ளையைப் பற்றிய சட்டம். உரிமையோடு புழங்குபவனும் சில வேளைகளில் கேட்டே வரவேண்டும். தாயின் உழைப்பைப் படமெடுக்கும் மகளும் தாயிடம் கேட்க வேண்டும். வேண்டாமென்றால் கேமராவைத் தாழ்த்த வேண்டும். எனினும் மகளுக்கு ஒரு தகுதி உண்டு. எந்த வேளையில் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்பது அவளுக்குத் தெரியும். தாய் 'வேண்டாம்' என்று அஞ்சாமல் சொல்லக்கூடியவளும் அவளே. அரிசிப் பையுடன் வருபவரிடம் அச்சொல்லைச் சொல்ல முடியுமா? மறுக்க முடியாதவர் தரும் இசைவு இசைவாகாது. அந்நியரின் பெரும்பொறுப்பு இங்கேதான் உள்ளது.

படமே எடுக்கப்படாவிட்டால் துன்பம் வெளித்தெரியாமலே போய்விடும் என்ற வாதம் வலுவானது. அதனை எளிதில் தள்ளிவிட நான் விரும்பவில்லை. கையால் மலம் அள்ளும் கொடுமை பலர் மனத்தில் உறைத்ததற்குப் படங்களே காரணம். எனவே நான் வேண்டுவது படமின்மை அன்று, வாசல். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. அவ்வுரிமை ஒற்றை அறையில் வாழ்பவருக்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்பவர், ஒரு வீட்டுப் படத்தைப் பார்க்கும்போது மூன்றைக் கேட்கலாம். படத்தில் இருப்பவருக்குத் தாம் பார்க்கப்படுவது தெரியுமா? மறுப்பதற்கு அவருக்கு வழி இருந்ததா? அந்தப் படத்தைத் தம் வீட்டுச் சுவரில் மாட்ட அவர் ஒப்புவாரா? உல்ஃபின் நூறு அறைகளுள் பெரும்பாலானவை இக்கேள்விகளைத் தாங்கும் என்று நினைக்கிறேன். அவருடைய சிகாகோ சாளரங்கள் தாங்கா.

நம் அறக்கட்டளைகளும் ஜமாஅத்துகளும் ஆண்டுதோறும் வெளியிடும் படங்களுள் எத்தனை தாங்கும்? உருவப்படம் கூடாது என்று ஃபத்வா கூறும் மேடைகளிலிருந்தே ஜகாத் வாங்குவோரின் முகங்கள் கைப்பேசி வழியே ஊரெங்கும் போகின்றன. கணக்குக் காட்ட முகம் எதற்கு? கொடுத்த பொருளின் பட்டியலும் தணிக்கையாளரின் கையொப்பமும் போதும். ஒருவரின் வாழ்வைக் காட்டியே ஆகவேண்டுமெனில், ஒரு நாள் வெறுங்கையுடன் சென்று, வாசலில் நின்று ஸலாம் சொல்லி, மறுமொழி வரும்வரை காத்திருந்து கேட்கட்டும். திரும்பிப் போகச் சொன்னால் திரும்பட்டும். அதுவே தூய்மையானது என்று இறைமறை கூறியுள்ளது.

என் கைப்பேசியிலிருந்து அந்தப் படத்தை அழித்து ஆண்டுகள் ஆயின. ஆண்டறிக்கையின் பிரதி ஒன்று இன்னும் என் அலமாரியில், தஃப்சீர் நூல்களுக்குக் கீழே இருக்கிறது. மற்றப் பிரதிகள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் நான் அறியாத வீடுகளில் இருக்கக்கூடும். அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை. அப்பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவும் நாங்கள் மறந்துவிட்டோம். சூரத்துன் நூரின் பாடம் வரும்போது, இப்போதெல்லாம் அந்த நண்பகலை மாணவர்களிடம் சொல்லிவிட்டே 58ஆம் வசனத்தைத் தொடங்குகிறேன்.